அளவுக்கு வைத்த ஆள்கள்

இருபத்திரண்டு நாள் மழை பெய்து, இருபத்து மூன்றாம் நாள் தேன்தொங்கிப் பாறையின் இடது தோள் அப்படியே கழன்று ஓடைக்குள் இறங்கி, எஸ்டேட்டின் தண்ணீர்க் குழாயைச் சரிசெய்யப் போயிருந்த நான்கு பேரையும் எடுத்துக்கொண்டு போனதற்கு மறுநாள், காலை ஒன்பது மணிக்கு நான் நூலகத்தைத் திறந்தபோது, சுவரில் மாட்டியிருந்த படத்தில் மூன்று பேருக்குப் பதிலாக ஏழு பேர் இருந்தார்கள். நான் முதலில் பத்திரிகைகளை அடுக்கினேன். பிறகு ஜன்னல்களைத் திறந்து, ஈரத்தில் ஊறி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்த நாவல்களைப் பிரித்து வைத்து, பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, மறுபடி வந்து எண்ணினேன். ஏழுதான் இருந்தார்கள்.

எங்கள் ஊர் நூலகம் வெள்ளைக்காரத் துரைமார்கள் சீட்டாடிய கிளப்பாக இருந்த கட்டடம். அவர்கள் போகும்போது நாற்காலிகளையும் பியானோவையும் நாய்களையும்கூடக் கொண்டுபோனவர்கள், இந்தப் படத்தை மட்டும் விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். பழுப்பு மையில் வரைந்து சாம்பல் நிறத்தைக் கரைத்துப் பூசிய படம். கண்ணாடி போட்டு, தேக்குச் சட்டம் அடித்தது. ஓரத்தில் ஆயிரத்து எண்ணூற்று முப்பத்துச் சொச்சம் என்று ஒரு வருடம் தெரியும், வரைந்தவன் பெயரைப் பூச்சி தின்றுவிட்டது. படத்தில் முக்கால்வாசி எங்கள் தேன்தொங்கிப் பாறைதான், ஆனால் நாங்கள் தினமும் பார்க்கிற பாறை இல்லை. அதைவிட இரண்டு மடங்கு உயரம், முகடு மேகத்துக்குள் போய்விடும், அருவி எங்கே விழுகிறது என்று தெரியாமல் புகைக்குள் விழுந்துகொண்டிருக்கும், ஒரு பக்கம் இடி விழுந்து பிளந்த மரம் வேரோடு சாய்ந்து கிடக்கும். அதற்கெல்லாம் கீழே, நகக்கண் அளவில், மூன்று பேர். ஒருவன் கோலை நீட்டி அருவியைக் காட்டிக்கொண்டிருப்பான், ஒருவன் பாறையில் உட்கார்ந்திருப்பான், ஒருத்தி தலையில் சுமையோடு நிற்பாள். மூவரும் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மலையைப் பார்ப்பார்கள்.

இரண்டு வருடம் என்று சொல்லி சங்கரன்கோவிலிலிருந்து என்னை இங்கே மாற்றினார்கள். பத்தொன்பது வருடம் ஆகிறது, என்னை அனுப்பியதையே மறந்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன். அந்தப் பத்தொன்பது வருடத்தில் இந்த ஊரில் ஒருவனும் அந்தப் படத்தை நிமிர்ந்து பார்த்ததில்லை. வார இதழில் நடிகையின் பக்கத்தைக் கிழிக்கும்போது நான் பார்க்கிறேனா என்று பார்ப்பார்களே தவிர, சுவரைப் பார்க்க மாட்டார்கள். இப்போது நான்கு பேர் செத்த பிறகு ஊரே பார்க்க வந்தது, எனக்கு அது பிடிக்கவில்லை, அதைச் சொல்லிவிடுகிறேன்.

வந்தவர்களும் ஆச்சரியப்படவில்லை. மீட்புப் படையினர் ஓடையில் கம்பியால் குத்தித் தேடிக்கொண்டிருக்க, ஊர் ஆள்கள் மழைக்கோட்டை உதறிவிட்டு நூலகத்துக்குள் வந்து, செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு, நான் பதிவேட்டில் பொடி எழுத்துப் படிக்க வைத்திருந்த பூதக்கண்ணாடியை வாங்கி, இவன் ஃபிட்டர் வர்கீஸ், பிருஷ்டத்தில் ஸ்பேனர் தொங்குது பார், இவர் மேஸ்திரி மைதீன், தொப்பி தெரியுது, இது ராசுக்குட்டி, எங்க போனாலும் இடுப்பில கை வச்சிக்கிட்டுத்தான் நிப்பான் என்று அடையாளம் சொன்னார்கள். நான்காவது ஆள், சாக்கைக் கொங்காணி போட்டுத் தலையை மூடிக்கொண்டு, கொழுந்து மூட்டை சுமந்து சுமந்து இறங்கிப்போன இடது தோளோடு, மற்ற மூவரையும்விட ஒரு நூல் தள்ளி நின்றான். அவன் மாடக்கண்ணு என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவன் பெண்டாட்டி சீனியம்மாள் வாசல்படியிலிருந்தே கண்டுகொண்டாள்.

மூன்றாம் நாளுக்குள் எல்லாம் பழகிப்போனது. பூதக்கண்ணாடி காணாமல் போகாமலிருக்க அதை ஒரு சணல் கயிற்றில் கட்டி ஆணியில் மாட்டினேன். பெண்கள் கொழுந்து பறித்துவிட்டு வரும் வழியில் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்கள், இன்று எங்கே நிற்கிறார்கள் என்று. ஏனென்றால் அவர்கள் ஒரே இடத்தில் நிற்கவில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போது அசைய மாட்டார்கள், ஆனால் ஒவ்வொரு காலையும் முந்தின நாளைவிட அரை விரல் மேலே, அருவியை நோக்கி ஏறியிருப்பார்கள். பழைய மூன்று பேர் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். போனில் படமெடுத்தவர்களுக்கு அந்தப் பழைய மூன்று பேர்தான் விழுந்தார்கள். கோயம்புத்தூரிலிருந்து வந்த டிவிக்காரன் ஒருவன் கேமராவை மூன்று முறை துடைத்துப் பார்த்துவிட்டு, எங்களையெல்லாம் ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் கிளம்பிப்போனான். வி.ஏ.ஓ. வந்தார். கண்ணாடியை வாங்கி நிதானமாகப் பார்த்துவிட்டு, தன் தாளில், மேற்படி நான்கு நபர்களும் கிளை நூலகப் படத்தில் காணப்படுகின்றனர், எனவே காணாமற்போனவர்கள் எனக் கொள்ள இயலாது, ஆனால் விசாரணைக்கு அழைக்கவும் இயலாது என்று எழுதி, அதற்குக் கீழே என்னைச் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.

எஸ்டேட் பள்ளிக்கூடத்தின் டிராயிங் டீச்சர் ஞானசெல்வம் ஒருநாள் மாலை வந்து, படத்துக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றார். அந்தக் காலத்து வெள்ளைக்காரர்கள் மலையையும் புயலையும் கடலையும் வெறி பிடித்தாற்போல் வரைந்து தள்ளியிருக்கிறார்கள் என்றும், மலை மட்டும் இருந்தால் அது எவ்வளவு பெரிது என்று பார்க்கிறவனுக்கு உறைக்காது, நெஞ்சு ஒடுங்காது, அதனால் ஓரத்தில் இரண்டு மூன்று மனிதர்களைக் கடுகளவில் வைப்பார்கள் என்றும், பல சமயம் அந்த இடத்தில் ஆளே இருந்திருக்க மாட்டார்கள், வீட்டுக்குப் போய் உட்கார்ந்து வைப்பார்கள் என்றும் டீச்சர் சொன்னார். இவர்கள் யார், பெயரென்ன, எங்கே போகிறார்கள் என்பதெல்லாம் வரைந்தவனுக்கு ஒரு பொருட்டே இல்லை. இவர்கள் அளவுக்கு வைத்த ஆள்கள், சார், அவ்வளவுதான் என்றார்.

சீனியம்மாள் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்ததை டீச்சர் கவனிக்கவில்லை.

"அளவுக்கு வைக்க எங்க வீட்டுக்காரருதான் கெடச்சாகளா?" என்றாள் சீனியம்மாள். குரலை உயர்த்தவில்லை. டீச்சர் திரும்பிப் பார்த்துவிட்டு, குடையை மறந்து வைத்துவிட்டு மழையில் இறங்கிப் போனார்.

நான்காம் நாள் பள்ளிவாசலில் மைதீனுக்காக, உடல் இல்லாமலே தொழுகிற ஜனாஸா தொழுகை நடத்தினார்கள். மறுநாள் காலை படத்தில் அவர் இல்லை. அவர் நின்ற இடத்தில் பாறை இருந்தது, பாறையின் கோடுகள் நடுவில் விட்டுப்போகாமல் முழுசாக இருந்தன. ஈரத்தில் மை அழிந்திருக்கும் என்று நாங்கள் அதை மழையின் கணக்கில் சேர்த்துவிட்டோம். ஏழாம் நாள் சர்ச்சில் வர்கீஸுக்காகப் பூசை வைத்தார்கள், அதற்கு மறுநாள் வர்கீஸ் இல்லை. அப்போது புரிந்தது. எந்த வழியில் கும்பிட்டாலும் படம் கேட்டுக்கொள்கிறது, இங்கே அனுப்பிவைத்தால் அங்கே படத்தை விட்டுப் போய்விடுகிறார்கள். மீட்புப் படையும் அதற்குள் கம்பிகளைச் சுருட்டிக்கொண்டு கீழே இறங்கிவிட்டது. ராசுக்குட்டியின் அம்மா பதினாறாம் நாள் காரியத்தைத் தெரிந்தேதான் செய்தாள். முந்தின நாள் நூலகத்துக்கு வந்து, கண்ணாடி வேண்டாம் என்று சொல்லிவிட்டு, படத்தின் மேல் உள்ளங்கையை வைத்து, நனஞ்சது போதும்டா என்றாள். நான் புத்தக அலமாரிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். எனக்குப் பிள்ளை இல்லை, ஆனாலும் அது தாங்கக்கூடியதாக இல்லை.

அதே பதினாறாம் நாள் மாடக்கண்ணுவுக்கும் காரியம் செய்திருக்க வேண்டும். சீனியம்மாள் மாட்டேன் என்றுவிட்டாள்.

பதினேழாம் நாள் மாடக்கண்ணு தனியாக ஏறினான். பதினெட்டாம் நாளும். அந்தப் பெரிய பாறைக்குக் கீழே, அவ்வளவு புகைக்கும் அவ்வளவு தண்ணீருக்கும் நடுவில், ஒரு சாக்குக் கொங்காணி மட்டும். நான் காலையில் திறந்தவுடன் பார்ப்பேன், அப்புறம் அன்று முழுக்க எதுவும் படிக்க முடியாது. முன்பு நான் அந்தப் படத்தை அழகான படம் என்று சொல்லியிருக்கிறேன், மாவட்ட அலுவலர் ஆய்வுக்கு வந்தபோது பெருமையாகக் காட்டியும் இருக்கிறேன். இப்போது அந்த வரைந்தவன் மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. மனிதன் சின்னவன் என்று காட்டுவதற்கு இவ்வளவு பாடுபட்டிருக்க வேண்டாம், தேயிலைக்காட்டில் ஒரு வாரம் இருந்திருந்தால் போதும்.

ஊர் முதலில் சீனியம்மாளிடம் பதமாகச் சொல்லிப் பார்த்தது. லைன் வீடுகளிலிருந்து பெண்கள் ரசமும் கஞ்சியும் கொண்டுபோய் வைத்துவிட்டு, இப்படி அந்தரத்தில் நிறுத்தி வைப்பது அவனுக்குத்தான் பாவம் என்றார்கள். அப்புறம் பதம் குறைந்தது. மாரியம்மன் நோன்புக்குக் காப்புக் கட்ட வேண்டிய நாள் நெருங்கியது, ஒரு வீட்டில் தீட்டு கழியாமல் கிடந்தால் ஊரில் காப்புக் கட்ட முடியாது, காப்புக் கட்டாவிட்டால் இந்த மழை நிற்காது, மழை நிற்காவிட்டால் இன்னும் எந்தத் தோள் கழன்று யார் வீட்டின் மேல் விழுமோ என்று பூசாரி கோயில் வாசலில் நின்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். மாடக்கண்ணுவின் அண்ணன் கருத்தப்பாண்டி, கூடப்பிறந்தவனுக்குச் செய்ய வேண்டிய கடனைச் செய்யவிடாமல் தடுக்கிறாள் என்று லாரி ஸ்டாண்டில் நின்று அழுதார். அவர் அழுததில் கள்ளம் இல்லை. சின்னப் பிள்ளையாக இருந்த மாடக்கண்ணுவைத் தோளில் தூக்கிக்கொண்டு மலையேறி வந்தவர் அவர்தான்.

சீனியம்மாள் தினமும் ஐந்து மணிக்கு மேல் நூலகத்துக்கு வருவாள். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும், ஆனால் எதையும் எடுக்க மாட்டாள். பூதக்கண்ணாடியைப் பிடித்தபடி நிற்பாள், ஏழு மணிக்கு நான் சாவியை எடுத்தால் போய்விடுவாள். ஒருநாள் நான் கேட்டுவிட்டேன், ஏனம்மா இப்படிப் பிடிவாதம் பிடிக்கிறாய் என்று. அவள் சொன்னதை அப்படியே சொல்கிறேன். அன்று குழாய்க்குப் போக வேண்டிய முறை மாடக்கண்ணுவுடையது இல்லை. முறைக்காரன் காய்ச்சல் என்று படுத்துக்கொள்ள, இவன் நான் போறேன் என்று கையைத் தூக்கிவிட்டு வந்து வீட்டில் சொல்லியிருக்கிறான். இவளுக்கு வந்ததே கோபம். ஊரெல்லாம் உன்னை இளிச்சவாயன் என்று சொல்வது சரிதான் என்று சொல்லிவிட்டு, அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அவன் கொங்காணியைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்று, போய்ட்டு வாரேன் சீனி என்றிருக்கிறான். இவள் திரும்பவில்லை. மறுபடி, ஏட்டி, போய்ட்டு வாரேன் என்றிருக்கிறான். அடுப்பை ஊதிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"அன்னிக்கு நான் முதுகக் காட்டுனேன் சார். இப்ப அவுக காட்டுறாக. ஒரே ஒருவாட்டி மூஞ்சியப் பாத்துட்டேன்னா நானே அனுப்பி வச்சிருவேன். பாக்காம எப்படி அனுப்புவேன்?"

அன்று ஏழரை வரைக்கும் சாவியை எடுக்கவில்லை.

ஊரில் போர்டு எழுதுகிறவர் ஒருவர்தான், சிலுவைமுத்து. பஸ்ஸுக்குப் பெயர் எழுதுவதிலிருந்து எஸ்டேட் எல்லைக் கல்லுக்கு நம்பர் போடுவது வரை அவர் கைதான், ஆனால் அவருக்குப் பேர் வாங்கிக்கொடுத்தது கட்சிக்காரர்களுக்கு எழுதுகிற பேனரும் கட்-அவுட்டும். அவை எப்போதும் ஒரே மாதிரிதான் இருக்கும்: தலைவர் கும்பிட்டபடி ஆகாயம் வரை நிற்பார், அவர் முழங்காலுக்குக் கீழே மலைகள், மலைகளுக்குக் கீழே ஜனங்கள், எல்லா ஜனங்களும் அவரை அண்ணாந்து பார்த்துக்கொண்டு. மந்திரி வெள்ளச் சேதம் பார்க்க வருவதாக இருந்ததால், அந்த வாரம் பஸ் ஸ்டாண்டில் அப்படி ஒரு பேனர் கட்டியிருந்தார்கள். மந்திரி வரவில்லை. பேனர் மழையில் நனைந்துகொண்டு நின்றது, சீனியம்மாள் அதற்கு முன்னால் ஒரு மணி நேரம் நனைந்துகொண்டு நின்றாள் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

மறுநாள் அவள் சிலுவைமுத்துவைக் கையோடு கூட்டிக்கொண்டு நூலகத்துக்கு வந்தாள். வந்தவள், படத்தில் எல்லாரும் மலையைப் பார்க்கிறார்கள், ஏனென்றால் அங்கே அதுதான் பெரிது. அதைவிடப் பெரிதாக ஒன்று இந்தப் பக்கம் நின்றால் திரும்பித்தானே ஆக வேண்டும் என்றாள். சிலுவைமுத்து என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன்.

"மலையவிடப் பெருசா என்னைய வரைங்கண்ணே," என்றாள் சீனியம்மாள்.

சிலுவைமுத்து தரையைப் பார்த்தார். தான் தலைவர்களையும் நடிகர்களையும் தவிர யாரையும் அந்த அளவில் வரைந்ததில்லை, கொழுந்து எடுக்கிற பொம்பளையை அந்த அளவில் வரையச் சொல்லி இதுவரை யாரும் கேட்டதுமில்லை, எப்படி வருமோ தெரியாது என்றார். நான் என் பங்குக்கு, அரசாங்கச் சொத்தில் தூரிகை வைக்கக் கூடாது என்றேன். பிறகு இருப்புப் பதிவேட்டை எடுத்துப் புரட்டினேன். அதில் 'சட்டமிட்ட படம் ஒன்று' என்றுதான் இருந்தது, படத்துக்குப் போட்ட கண்ணாடியைப் பற்றி ஒரு சொல் இல்லை. கண்ணாடியின் மேல் வரைந்தால் நான் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டு, நாற்காலியைத் திருப்பிப் போட்டு, பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

சிலுவைமுத்து எனாமல் டப்பாக்களைத் திறந்தார். சீனியம்மாள் ஜன்னலோரம் வெளிச்சத்தில் உட்கார்ந்தாள். அவர் பழக்கதோஷத்தில் கன்னத்துக்கு ரோஸ் கலரைக் கலந்து, முகத்தை மந்திரிமார் முகம் போல் சிவக்கப் பூச ஆரம்பித்ததும், அவள் எழுந்து வந்து பார்த்து, கறுப்பாவே போடுங்க, இல்லன்னா அவுகளுக்கு அடையாளம் தெரியாது என்றாள். மூக்குத்தியை இடது பக்கமா வலது பக்கமா என்று அவர் குழம்பியபோது இவளே தொட்டுக் காட்டினாள். கும்பிடுகிற மாதிரி கையை வைக்கப்போனார், வேண்டாம் என்றாள். சிரிக்கிற மாதிரி வாயை வைக்கப்போனார், அதுவும் வேண்டாம் என்றாள். கடைசியில் சாயங்காலம் படத்தின் கீழ் மூலையிலிருந்து மேகம் வரைக்கும், சிவப்புச் சேலையில், கொழுந்துக்கூடையின் வார் நெற்றியில் அழுந்திய தழும்போடு, சீனியம்மாள் நின்றாள். அருவி அவள் இடுப்புக்குப் பக்கத்தில் விழுந்துகொண்டிருந்தது. பிளந்த மரம் அவள் கையில் எடுக்கிற விறகு அளவுக்கு இருந்தது. சிலுவைமுத்து பின்னால் நகர்ந்து நின்று பார்த்துவிட்டு, மலை சின்னதாப் போச்சே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு தூரிகையைத் துடைத்தார். அது உண்மைதான். மண் சரிந்த நாளுக்குப் பிறகு முதல்முறையாக அந்தப் படத்தைப் பார்க்க எனக்குப் பயமில்லாமல் இருந்தது.

மறுநாள் காலை படத்தின் கண்ணாடியைத் துணியால் துடைத்துப் பார்த்தேன். பெயின்ட் வெளிப்பக்கம் இல்லை. அவள் கண்ணாடிக்கு உள்ளே, தாளின் மேல் இருந்தாள். மாடக்கண்ணு அன்று மேலே ஏறவில்லை.

அதற்கடுத்த நாள் அவன் ஒரு தோளைத் திருப்பியிருந்தான். இறங்கிய தோள், இடது தோள். செய்தி கொழுந்துக்காட்டுக்குள் போய், எடை போடுகிற இடத்துக்குப் போய், கோயிலுக்கும் சர்ச்சுக்கும் பள்ளிவாசலுக்கும் போய், அன்று மாலை நூலகத்தில் நிற்க இடமில்லை. பூசாரிகூட வந்து, இன்னும் இரண்டு நாள் பொறுக்கலாம், அம்மன் ஒன்றும் சொல்ல மாட்டாள் என்று தானாகச் சொன்னார். கருத்தப்பாண்டி சீனியம்மாளுக்குப் பக்கத்தில் வந்து நின்று, தன் துண்டை உதறி அவள் தோளில் போட்டார், நனைந்திருந்தாள் என்பதால். மழை மட்டும் விடவில்லை.

மூன்றாம் நாள் காலை நான் எட்டரைக்கே போய்த் திறந்தேன். கருத்தப்பாண்டி எனக்கு முன்னால் வந்து வாசலில் குத்தவைத்திருந்தார். இருவரும் உள்ளே போனோம். நான் பூதக்கண்ணாடியைக் கையில் எடுத்தேன்.

மாடக்கண்ணு திரும்பியிருந்தான். கொங்காணியைத் தலையிலிருந்து பின்னால் தள்ளிவிட்டு, முழுசாக இந்தப் பக்கம் திரும்பி, அண்ணாந்து நின்றான். அவனுக்கு முகம் இல்லை.

தேய்ந்துபோகவில்லை, பூச்சியும் தின்னவில்லை. வைக்கவே இல்லை. கழுத்துக்கு மேல் பழுப்பு மையால் ஒரு வளையம், வளையத்துக்குள் வெறும் தாள், கடுகு வைத்தால் மறைந்துபோகிற அளவுக்குத் தாள். கண்ணுக்கு இரண்டு புள்ளிகூட இல்லை. மலையின் ஒவ்வொரு விரிசலையும், பிளந்த மரத்தின் ஒவ்வொரு நாரையும் உட்கார்ந்து வரைந்தவன், அளவுக்கு வைத்த ஆளுக்கு முகம் எதற்கு என்று விட்டுவிட்டான். அந்த மலைக்குள் போனவனுக்கு அந்த மலையில் என்ன கிடைக்குமோ அதுதான் கிடைத்திருந்தது. கருத்தப்பாண்டி கண்ணாடியை வாங்கிப் பார்த்தார், பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார். பூட்டிவிடலாமா சார் என்று என்னைக் கேட்டார். பூட்டியிருப்பேன், சத்தியமாகப் பூட்டியிருப்பேன், அதற்குள் சீனியம்மாள் படியேறி வந்துவிட்டாள்.

அவளுக்குப் பின்னால் ஊர் வந்தது. அவளைத்தான் முதலில் பார்க்க விட வேண்டும் என்று எல்லாரும் ஒதுங்கி வழிவிட்டார்கள். அவள் சேலைத் தலைப்பால் பூதக்கண்ணாடியைத் துடைத்து, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து, படத்தோடு நெற்றி முட்டுகிற அளவுக்குக் குனிந்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. வெளியே ஜீப் ஒன்று கிளம்பாமல் உறுமி உறுமி, கடைசியில் கிளம்பிப் போனது, அப்போதும் அவள் நிமிரவில்லை. கருத்தப்பாண்டி ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"அவுகதான்," என்றாள் சீனியம்மாள் கருத்தப்பாண்டியிடம், நிமிராமலே. "தாடி வளந்துபோச்சு. மெலிஞ்சிருக்காக. ஆனா கோவமா இல்ல அத்தான். கோவமா இல்ல."

பிறகு கண்ணாடியை ஆணியில் மாட்டிவிட்டு, வெள்ளிக்கிழமை காரியத்தை வைத்துக்கொள்ளலாம் என்றாள். அதற்குப் பிறகு ஊரில் எத்தனையோ பேர் வந்து பார்த்தார்கள், எல்லாரும் அந்த வெறும் தாளைப் பார்த்தார்கள், பார்த்துவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, வெளியே போய்ச் செருப்பைப் போட்டுக்கொண்டார்கள். அதைப் பற்றி யாரும் எங்கேயும் பேசவில்லை. சின்ன விஷயத்துக்கெல்லாம் வாய் ஓயாத ஊர் இது, இந்த ஒரு விஷயத்தில் எப்படி வாயைக் கட்டிக்கொண்டது என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஓடைக்கரையில், மண் சரிந்த இடத்துக்குச் சற்றுக் கீழே, காரியம் நடந்தது. மழை தூறலாகக் குறைந்திருந்தது. நானும் போயிருந்தேன், பொதுவாக நான் இதற்கெல்லாம் போகிற ஆளில்லை. கருத்தப்பாண்டி மொட்டையடித்து, ஈர வேட்டியோடு, வாழையிலையில் சோற்று உருண்டைகளை ஏந்திக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நின்றார். விடலாம் என்று பூசாரி சொன்னார். சீனியம்மாள், கொஞ்சம் இருங்க என்றாள். என்றுவிட்டு, அவ்வளவு கூட்டத்தில் என்னைத் தேடிப் பார்த்தாள்.

"சார், நீங்களும் பாத்தீங்கள்ல? அவுக மூஞ்சிய?"

பத்தொன்பது வருடத்தில் ஒரு பதிவேட்டில் நான் ஒரு பொய் எழுதியதில்லை. கிழிந்த பக்கத்தைக் கிழிந்தது என்றுதான் எழுதியிருக்கிறேன், கரையான் அரித்ததைக் கரையான் அரித்தது என்றுதான் எழுதியிருக்கிறேன். ஊர் முழுக்க என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் கண்ணைப் பார்த்தேன். அவளுக்குத் தெரியும் என்று அந்த நிமிஷம் எனக்குத் தெரிந்தது. அந்த வட்டத்துக்குள் எதுவும் இல்லை என்று என்னைப் போலவே அவளும் பார்த்திருக்கிறாள், தன்னால் முடிந்த வரைக்கும் அதில் வரைந்திருக்கிறாள், தனியாக வரைய முடியாமல் இப்போது என்னைக் கேட்கிறாள்.

"பாத்தேம்மா," என்றேன். "தாடி லேசா நரச்சிருந்துச்சு."

அவள் கை தன் காதோரத்துக்குப் போனது.

"ஆமா சார்," என்றாள். "காதோரத்துல. கொஞ்சம்."

பிறகு தண்ணீரைப் பார்த்துத் திரும்பி, "விடுங்க அத்தான்," என்றாள். கருத்தப்பாண்டி இலையை விட்டார். அது ஒரு கல்லில் தட்டி நின்று, அப்புறம் திரும்பிக்கொண்டு போனது. வெள்ளிக்கிழமை நூலகத்துக்கு விடுமுறை, கதவு பூட்டியிருந்தது, மாடக்கண்ணு படத்தை விட்டுப் போனபோது பார்க்க அங்கே யாரும் இல்லை.